சுற்று உதைக்குப் பலம் ஏற்றுவது எப்படி

கராத்தேயில் மவாஷி கேரி, டேக்வாண்டோவில் டோல்யோ சாகி, முவாய் தாயில் தே. பக்கவாட்டிலிருந்து சுழன்று வந்து அடிக்கும் சுற்று உதைக்குத்தான் இத்தனை பெயர். வகுப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் மாதக்கணக்கில் பழகிய பிறகும் பலருடைய உதை, உதைத்துப் பழகத் தொங்கவிடும் கனமான பையான பேக்கைத் தள்ளுமே தவிர, அடிக்காது. பேக் ஊஞ்சல் மாதிரி ஆடும், சத்தம் இருக்காது. இவர்களில் பெரும்பாலானோர் உதைக்கும் காலையே கவனித்துக்கொண்டிருப்பார்கள். கவனிக்க வேண்டியது நிற்கும் காலை. பலம் அங்கேதான் தொடங்குகிறது, பெரும்பாலான தவறுகளும் அங்கேதான்.

பின்காலால் இடுப்பு உயரத்துக்கு உதைக்கும் அடிப்படைச் சுற்று உதையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். இடக்கால் முன்னால், வலக்கால் பின்னால் என்று வைத்துச் சொல்கிறோம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பலம் எந்த வரிசையில் வருகிறது

முதலில் நிற்கும் காலின் முன்பாதம் தரையைத் தள்ளுகிறது. அதனால் இடுப்பு திரும்புகிறது. இடுப்பு தொடையை இழுத்துக்கொண்டு போகிறது. கடைசியில் தொடையின் வேகம் குறைய, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி சீறிக்கொண்டு முன்னே பாய்கிறது. ஈரத்துண்டை உதறும்போது கை சட்டென்று நின்றால்தான் நுனி சடாரென்று அடிக்கும் அல்லவா, அதே கணக்குதான். முழங்காலை முன்கூட்டியே நீட்டிவிட்டால் இந்த வரிசை குலைந்துவிடும். நீட்டிய கால் முழுவதையும் இடுப்பு ஒரே தடியாகச் சுமந்து சுழற்ற வேண்டியிருக்கும். வேகம் வராது.

அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆற்றல் 44 சதவீதம் கூடும். ஆகவே கால் கனமாக இருப்பதைவிட வேகமாக வருவது முக்கியம். ஆனால் கீழ்க்கால் மட்டும் வேகமாக வந்து, இடுப்பு பின்தங்கிவிட்டால், பட்ட இடத்தில் கால் எகிறித் திரும்பிவிடும். பலமான உதையில் வேகமும் வேண்டும், கால் படும் கணத்தில் இடுப்பும் அதே திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

எங்கே பழகுவது

நிற்கும் பாதம் சுழல வேண்டும் என்பதால் தரை முக்கியம். மொட்டை மாடியின் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு சுழன்றால் முன்பாதத்தில் கொப்புளம் வரும். அதற்குப் பயந்து பாதம் சுழலாமல் நின்றுவிடும், திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகும். மிகவும் மெத்தென்ற மேட்டும் ஆகாது. பாதம் அதற்குள் புதைந்து பூட்டிக்கொள்ளும். 2 செ.மீ. கனத்தில், கையால் அழுத்தினால் இறுக்கமாக இருக்கும் ஜிக்சா மேட் போதும். மாடியைத் தவிர வேறு இடம் இல்லையென்றால் அடிப்பாகம் தேய்ந்த கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளலாம். ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம், தரையைப் பிடித்துக்கொள்ளும்.

பழகும் முன் 8 முதல் 10 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். கயிறு தாண்டலாம், இருந்த இடத்தில் ஓடலாம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 12 முறை, பக்கவாட்டில் 12 முறை வீசுங்கள். முதல் நான்கைந்து வீச்சு தாழ்வாகவே இருக்கட்டும். அசையாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சை இப்போது செய்யாதீர்கள். உதைக்கும் முன் அப்படி நீட்டினால் தசையின் வெடிப்பு கொஞ்சம் குறையும். அதைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

உதை, ஒவ்வொரு படியாக

1. நிலை. கால்களுக்கு இடையே தோளகலம். எடை இரு கால்களிலும் சமமாக. முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கட்டும், பின்குதிகால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியிருக்கட்டும். கைகள் கன்னத்துக்கு அருகில்.

2. அடி வைப்பு. இடக்காலை நேராக முன்னே வைக்காமல், முன்னும் இடப்பக்கமுமாகச் சாய்வாக, 15 முதல் 20 செ.மீ. வையுங்கள். விரல்கள் வெளிப்புறம் 45 பாகை திரும்பியிருக்க வேண்டும். இந்தச் சிறிய அடியைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். விட்டால் இடுப்புக்குத் திரும்ப வழியே இருக்காது. அதைவிடப் பெரிய அடி வைத்தாலும் கெடுதல்தான்: எடை இரு கால்களுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், முன்பாதத்தின் மேல் ஏறி நிற்க முடியாது.

3. முழங்கால். பின்காலைத் தரையிலிருந்து இழுத்து, முழங்காலை மடக்கி, இலக்கை நோக்கி உயர்த்துங்கள். குதிகால் பிட்டத்துக்கு அருகில் வரட்டும். முவாய் தாயில் இவ்வளவு மடக்க மாட்டார்கள், கால் தளர்வாக வளைந்தபடி அகல வட்டமாகவே வரும். இருந்தாலும் தொடக்கத்தில் மடக்கிப் பழகுவது நல்லது. எந்த அசைவு எப்போது நடக்கிறது என்று உடம்புக்குத் தனித்தனியாகப் புரியும்.

4. சுழற்சி. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பழக நேரம் இருக்கிறது என்றால் இதைப் பழகுங்கள். முழங்கால் மேலே வரும்போதே நிற்கும் பாதம் முன்பாதத்தின் மேல் சுழலத் தொடங்க வேண்டும். கால் இலக்கில் படும் நேரத்தில் இடக்குதிகால் இலக்கைப் பார்த்து நிற்க வேண்டும். குதிகால் தரையிலிருந்து ஒரு காகிதம் நுழையும் அளவு எழும்பினால் போதும். கட்டைவிரல் நுனியில் ஏறி நின்றால் சமநிலை போய்விடும்.

சுழலாவிட்டால் ஏன் பலம் வராது? நிற்கும் கால் முன்னோக்கியே இருந்தால் தொடையெலும்பின் கழுத்து இடுப்புக் குழியின் விளிம்பில் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இடுப்பு திரும்ப எலும்பே விடாது. எவ்வளவு முக்கினாலும் பயனில்லை. மீறித் திருப்பினால் மூட்டுச் சவ்வும் முழங்காலின் உட்பக்கத் தசைநாரும் திருகலை வாங்கிக்கொள்ளும். பாதம் சுழன்றால் இடுப்பு தானாகத் திறந்துகொள்ளும்.

5. இடுப்பைக் கவிழ்ப்பது. உதைக்கும் பக்கத்து இடுப்பு, நிற்கும் பக்கத்து இடுப்புக்கு மேலாக உருண்டு முன்னே போக வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முழங்கால் சில்லைப் பாருங்கள். அது கூரையைப் பார்த்தால் இன்னும் கவிழவில்லை. பக்கவாட்டில், இலக்குக்குச் சற்று அப்பால் பார்த்தால் சரி.

6. நீட்டுவது, மூச்சு. முழங்கால் இலக்கைத் தாண்டும்போது கீழ்க்காலை விடுங்கள். கால் படும் கணத்தில் வாயால் சுருக்கமாக மூச்சை வெளியே தள்ளி வயிற்றை இறுக்குங்கள். அதுவரை உடம்பு தளர்வாக இருக்கட்டும். தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால் எதிர்த் தசைகளே காலுக்கு பிரேக் போடும்.

7. கை. வலக்கால் உதைக்கும்போது வலக்கை தொடையை ஒட்டிக் கீழும் பின்னுமாக வீசப்படும். அந்த எதிர்வீச்சுதான் இடுப்பின் திருப்பத்துக்கு ஈடுகொடுக்கிறது. இடக்கை முகத்தை விட்டு நகரக் கூடாது.

8. திரும்புவது. பட்டவுடன் முழங்காலை மீண்டும் மடக்குங்கள், பிறகு தரையில் வையுங்கள். நீட்டிய காலை அப்படியே கீழே போட்டால் எதிராளி பிடித்துக்கொள்வார். தனியாகப் பழகும்போதும் நிலை தடுமாறும்.

காலின் எந்தப் பகுதியால் அடிப்பது

இது உங்கள் கலையைப் பொறுத்தது. ஒலிம்பிக்கில் 2000 சிட்னி முதல் பதக்கப் போட்டியாக இருக்கும் டேக்வாண்டோவில், கணுக்கால் எலும்புக்குக் கீழே உள்ள பாதத்தால் அடித்தால்தான் புள்ளி. கீழ்க்கால் எலும்பு பட்டால் கணக்கில் வராது. அதனால் அங்கே புறங்கால், நீண்ட தூரம், வெடுக்கென்ற மீட்பு. உடற்கவசத்தில் சுற்று உதைக்கு 2 புள்ளி, தலையில் 3. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. முவாய் தாயிலும் கியோகுஷின் கராத்தேயிலும் கீழ்க்காலின் முன்னெலும்பால் எதிராளியின் தொடையைக்கூட அடிக்கலாம்.

உங்கள் வகுப்பு விதி தடுக்காதவரை, கனமான பேக்கை உதைக்கும்போது முன்னெலும்பின் கீழ்ப்பாதியைப் பயன்படுத்துங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. பாதத்தில் 26 சிறிய எலும்புகள் இருக்கின்றன. புறங்காலில் இருப்பவை மெல்லியவை, யாராவது முழங்கையை மடக்கித் தடுத்தால் எளிதில் உடையும். எதனால் அடித்தாலும் கால்விரல்களை முன்னே நீட்டிக் கணுக்காலை இறுக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் பாதம் படும்போது பின்னுக்கு மடிந்து சுளுக்கிக்கொள்ளும்.

பேக்கைத் தொடுவதற்கு முன்: மூன்று பயிற்சிகள்

சாக்பீஸ் கோடு. தரையில் இலக்கை நோக்கி ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின் மேல் நின்று, உதைக்காமல், அடி வைத்துச் சுழல மட்டும் செய்யுங்கள். நின்ற பிறகு குனிந்து பாருங்கள். குதிகால் கோட்டின் திசையில் இருக்கிறதா? ஒவ்வொரு பக்கமும் 20 முறை, தினமும். முதல் வாரம் இதுவே போதும்.

சுவர்ப் பயிற்சி. இடக்கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு நான்கு எண்ணிக்கையில் உதையுங்கள்: ஒன்றுக்கு முழங்கால் மேலே, இரண்டுக்குச் சுழன்று கவிழ்ப்பது, மூன்றுக்கு நீட்டல், நான்குக்கு மடக்கல். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் 3 விநாடி நில்லுங்கள். பக்கத்துக்கு 8 முறை. இரண்டாவது எண்ணிக்கையில் பிட்டத்தின் வெளிப்பக்கம் எரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

நாற்காலி. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை உங்களுக்கு முன்னால், வலப்பக்கமாகப் போடுங்கள். அதன் முதுகுக்கு மேலாகக் கால் போய் வர வேண்டும். முழங்காலை உயர்த்தாமல் தரையோடு காலை வீசினால் நாற்காலி கவிழ்ந்துவிடும். காலை முதலில் தூக்கு, பிறகு திருப்பு என்பதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காற்றில் பழகும்போது முழு வேகம் வேண்டாம். தடுக்க இலக்கு இல்லாததால் கீழ்க்காலின் முழு வேகத்தையும் முழங்கால் மூட்டே நிறுத்த வேண்டியிருக்கும். முழு நீட்டலுக்குச் சற்று முன்பே மடக்கிவிடுங்கள். வேகத்தைப் பேக்குக்கு மிச்சம் வையுங்கள்.

பேக்கில்

உதைக்கான பேக் குறைந்தது 120 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். தாழ்வாகவும் உதைப்பீர்கள் என்றால் 180 செ.மீ. நல்லது. எடை உங்கள் உடல் எடையில் பாதியளவு. வீட்டில் நிரப்புபவர்கள் மணலை நேரடியாகக் கொட்டிவிடாதீர்கள். அது அடியில் இறங்கிக் கல்லாகிவிடும். தையல் கடையில் கிடைக்கும் வெட்டுத்துணிதான் சிறந்தது. அதுவும் மெல்ல இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறை அவிழ்த்து உதறி நிரப்புங்கள். ஃபேன் கொக்கியில் பேக்கை மாட்டவே மாட்டாதீர்கள். அது சும்மா தொங்கும் ஃபேனுக்குப் போட்டது, உலுக்கி இழுக்கும் 30 கிலோவைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

தூரத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கி அளக்க வேண்டும். சுழன்ற நிலையில் நின்று, முன்னெலும்பு பேக்கில் பதியும்படி காலை மெதுவாக வையுங்கள். அங்கிருந்து காலை இறக்கி நிலைக்குத் திரும்புங்கள். உங்கள் இடம் அதுதான். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் பாதி பலத்தில், பக்கத்துக்கு 10 உதையாக 3 சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து பலத்துக்கென்று தனியாக: 4 முழு உதை, பிறகு ஒரு நிமிட ஓய்வு, இப்படி 5 சுற்று. ஓய்வு நீளமாக இருக்கிறதே என்று குறைக்காதீர்கள். மூச்சு வாங்க 50 உதைப்பது தாக்குப்பிடிக்கும் சக்திக்கு நல்லது. பலத்துக்கு அது உதவாது. களைத்த உடம்பு சுழற்சியைத்தான் முதலில் விட்டுவிடும், அந்தத் தவறான உதையே பழகிப்போகும். வாரத்துக்கு 3 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி.

போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். கால் பேக்கில் படும் படத்தில் நிறுத்தி, குதிகால் எங்கே, முழங்கால் சில்லு எங்கே, இடக்கை எங்கே என்று மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

சரியான உதையில் பேக் நடுவில் மடிந்து அதிரும், 'படார்' என்று குறுகிய சத்தம் வரும். தூரமாக ஆடிவிட்டுத் திரும்பினால் தள்ளுகிறீர்கள் என்று பொருள். காலை மீட்காமல் பேக்கில் ஒட்டவைத்திருப்பீர்கள், அல்லது மிக நெருங்கி நிற்பீர்கள். உதைத்த பிறகு பின்னால் சாய்கிறீர்களா? தலையும் தோளும் முன்பே பின்னே போய்விட்டன, இடுப்பு முன்னே வரவில்லை. நிற்கும் முழங்காலை விறைப்பாகப் பூட்டினாலும் இதே தள்ளாட்டம்தான். புறங்கால் மட்டும் வலித்தால் நிற்கும் தூரம் அதிகம். இடுப்பின் முன்பக்கம் கிள்ளுவதுபோல் இருந்தால், திரும்பாமலே முழங்காலைத் தூக்குகிறீர்கள். நிற்கும் காலின் முழங்காலுக்கு உட்புறம் வலி என்றால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டுச் சாக்பீஸ் கோட்டுக்குத் திரும்புங்கள்.

கால் எலும்பை உறுதியாக்குவது பற்றி நிறைய தவறான யோசனைகள் உலவுகின்றன. பூரிக்கட்டையை உருட்டுவது, பாட்டிலால் தட்டுவது எல்லாம் எலும்பின் மேல் தோலையும் நரம்பையும்தான் நசுக்கும். எலும்பு தாங்கும் சுமைக்கு ஏற்ப மெல்ல உறுதியாகும். அதற்கு மாதங்கள் ஆகும், பேக்கை முறையாக உதைப்பதே போதுமான சுமை. பரவலான வலியும் கன்றிப்போவதும் சில நாளில் ஆறும். ஆனால் எலும்பில் ஒரே புள்ளியில் விரலால் தொட்டாலே வலித்து, நடக்கும்போதும் வலித்தால் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். உதைப்பதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள முண்டில் வலி வந்தாலும் தாங்கிக்கொண்டு பழகச் சொல்லாதீர்கள். வளரும் எலும்பு அது.

உடற்பயிற்சி

காலில் எடை கட்டிக்கொண்டு வேகமாக உதைக்காதீர்கள். எடை கணுக்காலில் இருப்பதால் வீச்சின் முடிவில் முழங்கால் தசைநார்களை இழுக்கும், அசைவின் காலக்கணக்கும் மாறிவிடும். வேகத்தையும் வலுவையும் தனித்தனியாக வளர்த்து உதையில் சேர்ப்பதே சரி.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஸ்குவாட் 8 வீதம் 3 சுற்று. ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து முன்குனிந்து எழுவது, பக்கத்துக்கு 8 வீதம் 3 சுற்று. இது நிற்கும் காலுக்கு நேரடியாக உதவும். மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது 10 வீதம் 3. குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 வீதம் 3. உள்தொடைக்குப் பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது): மேல்காலை நாற்காலியில் வைத்து 20 விநாடி, பக்கத்துக்கு 2 முறை. கடைசியாகச் சொன்னது கடினம், தொடையிடுக்குப் பிடிப்பு வரும் வாய்ப்பைக் குறைப்பது என்பதால் விடாதீர்கள். வெடிப்புக்குத் தாவும் ஸ்குவாட்: 5 தாவல், 2 நிமிட ஓய்வு, 4 சுற்று. களைப்பாக இருக்கும் நாளில் இதை மட்டும் விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட உதைக்கு நெருக்கமானது மெது உதை. 5 விநாடியில் நீட்டி, 3 விநாடி பிடித்து, 5 விநாடியில் மடக்குங்கள். பக்கத்துக்கு 5 முறை. எந்த உயரத்தில் 3 விநாடி பிடிக்க முடிகிறதோ, அந்த உயரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

உயரம்

தலை உயரத்துக்கு அவசரப்பட வேண்டாம். இடுப்பு உயரத்தில் சுழற்சி சரியாக இல்லாதவர் உயர உதைத்தால், குறையை ஈடுகட்ட உடம்பைச் சாய்த்துத் தொடையிடுக்குத் தசையைக் கிழித்துக்கொள்வார். பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது பத்த கோணாசனம் (உள்ளங்கால்களைச் சேர்த்து, முழங்கால்களை விரித்து அமர்வது), கால்களை அகற்றி அமர்ந்து முன்குனிவது, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி இடுப்பின் முன்பக்கத்தை நீட்டுவது: ஒவ்வொன்றும் 30 விநாடி, இரண்டு முறை. துள்ளித் துள்ளி இழுக்காதீர்கள்.

பேக்கில் இடுப்பு உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். இரு கால்களாலும் தொடர்ந்து 10 உதை, குதிகால் இலக்கைப் பார்த்தபடி, தள்ளாடாமல் அந்த டேப்பில் விழுந்தால் டேப்பை 5 செ.மீ. ஏற்றுங்கள். பழகிய கால் சீக்கிரம் முடித்துவிடும், மற்றது பின்தங்கும். டேப்பை ஏற்றுவதைப் பின்தங்கும் காலை வைத்தே முடிவு செய்யுங்கள், அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று கூடுதலாகக் கொடுங்கள்.